காடா, சட்டமா?

லெனார்ட் வுல்ஃப் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியாற்றிப் பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். 1913இல் அவர் வெளியிட்ட ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்னும் நாவல், ஆள்வோர் மொழியில் ஆளப்பட்டோரையே கதைமாந்தராக்கிய துணிவுடையது. ஊர்த் தலைவனின் வன்மம், தீராக் கடன், அந்நிய மொழி பேசும் நீதிமன்றம் ஆகியவை சேர்ந்து சிலிந்துவைக் கொலைஞனாக்குவதை ஆசிரியர் மறைக்கவில்லை.

எனினும் இறுதியில் ஊரை விழுங்குவது காடு. அதுவே விதி என்பதுபோல் நாவல் முடிகிறது. இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். சேனைப் பயிருக்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது ஏன்? காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தை மறந்துவிடலாகாது. அவ்வனுமதியே ஊர்த் தலைவனின் ஆயுதம். ஆகவே ஊரைத் தின்றது காடு மட்டுமன்று, சட்டமுமாகும்.

அச்சுவேலியிற் காடில்லை, செம்மண்ணும் கிணறுமே உண்டு. ஆனால் குத்தகை நிலத்திற் புகையிலை நட்டுக் கடனில் ஆழ்ந்தோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருந்திருக்கின்றனர். அவர்களுக்கு இந்நாவலைக் கற்பிக்கும்போது ‘விதி’ என்று சொல்லி முடிப்போமாயின், வுல்ஃப் கண்டு சொன்னவற்றையும் நாமே மறைத்தவராவோம்.