சீதன வீடும் புகுந்த வீடும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினால் முதலில் எழுவது வீட்டுப் பேச்சு. நகையும் காசும் அதற்குப் பின்னரே. பெண்ணின் பெற்றோர் அவள் பெயருக்கு ஒரு வீட்டையும் அது நிற்கும் காணியையும் உறுதி முடித்துக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இதுதான் சீதன வீடு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வழக்கம் நேர்மாறானது. அங்கே பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டுக்குப் ‘புகுந்த வீடு’ என்று தனிப் பெயரே உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அச்சொல் பெரிதாகப் புழங்குவதில்லை. புகுவதற்கு அங்கே வேறு வீடு இருப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருவோர், “உங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு வீடே கொடுக்கவேண்டுமாமே” என்று வியப்பும் கண்டனமுமாகக் கேட்பது வழமை. கேள்வியிலேயே பிழை இருக்கிறது. வீடு மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்படுவதில்லை, மகளுக்குக் கொடுக்கப்படுகிறது. இரு நாட்டுச் சொற்களும் இந்த வேறுபாட்டைத் தாங்கியே நிற்கின்றன. வரதட்சணை என்பது வரனுக்குத் தரும் தட்சணை. இந்தியா 1961இல் சட்டம் இயற்றித் தடைசெய்தது அதனைத்தான். சீதனம் என்பது ஸ்திரீதனம், பெண்ணின் தனம். தமிழ்நாட்டிலும் ‘தாய்வீட்டுச் சீதனம்’ என்ற பேச்சு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பாத்திரம், கட்டில், பீரோ, பவுன் என்று வண்டியில் ஏறிப்போகும் பொருள்களைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்துச் சீதனம் நிலத்தில் வேரூன்றியது. அதை ஏற்றிக்கொண்டு போக முடியாது.

இந்த வழக்கத்தின் எழுத்துச் சான்று யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அதைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரிபார்த்தனர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது: தகப்பன் வழியில் வந்தது முதுசம், தாய் கொண்டுவந்தது சீதனம், இருவரும் சேர்ந்து உழைத்தது தேடியதேட்டம். பழைய முறைப்படி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் இறங்கும். அதாவது தாயின் வீடு மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. போர்த்துக்கேயர் காலத்திலேயே இந்தக் கோடு மங்கத் தொடங்கி, எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாம் என்றாயிற்று. தொகுப்பே அதைப் பதிவு செய்கிறது. ஆனால் வீடு பெண்ணுக்கு என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

ஒரு சீதன உறுதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த உலகம் முழுவதும் அதற்குள் இருக்கும். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட்ட தாள் அது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் முதல் இலங்கையில் அதுவே முறை. காணிக்கு இலக்கம் போடுவதற்கு முன் பெயர் சொல்லப்படும்: வேம்படி, புளியடி வளவு, தாழையடி என்பதுபோல. அடுத்து விஸ்தீரணம், பரப்புக் கணக்கில். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஆறேகால் சென்ட், சென்னையின் ஒரு கிரவுண்டைவிடச் சற்றுப் பெரியது. பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு எல்லைகள். ஒரு பக்கம் ஒழுங்கை, மறுபக்கம் சகோதரியின் காணி. முடிவில் வீடு, பயன்தரு மரங்கள், பங்குக் கிணற்றில் உள்ள பங்கு, வழிவாய்க்கால் உரிமை. கடைசிப் பெண்ணுக்குத் தாய்வீட்டையே எழுதும்போது பெற்றோர் தங்களுக்குச் சீவிய உருத்து வைத்துக்கொள்வார்கள். இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் உறுதி இல்லை, பத்திரம் உண்டு. காணிப் பெயரின் இடத்தைப் புல எண் பிடித்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் பட்டா மாறுதலும் முடிந்தால்தான் நிம்மதி. ஒழுங்கு என்று பார்த்தால் அது குறைந்ததல்ல. ஆயினும் புல எண்ணைக் கேட்டு ஒரு வேப்பமரத்தை நினைவுகூர யாராலும் முடியாது.

சொற்களில் மிகவும் சுவையானது ‘வளவு’. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வேலிக்குட்பட்ட நிலம் முழுவதும்: வீடு, கிணற்றடி, தென்னை, பலா, பின்னாலுள்ள அடிவளவு எல்லாம் சேர்ந்தது. செட்டிநாட்டில் வளவு என்பது வீட்டின் உள்ளே, முகப்பைத் தாண்டியதும் விரியும் தூண் நிறைந்த முற்றப் பகுதி. அதைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் உரியவை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இழைத்த அந்த மாளிகைகளின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே சொல் ஓரிடத்தில் ஆண்பிள்ளைகளுக்குப் பிரித்த அறைகளையும், மற்றோரிடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்த நிலத்தையும் குறிப்பது கவனிக்கத்தக்கது. சிங்களத்தில் இதே ஒலியுடைய ‘வளவ்வ’ நிலவுடைமைக் குடும்பத்தின் பெரிய மனையைக் குறிக்கும்.

எட்டுப் பரப்பு வளவொன்றை இரண்டு பெண்களுக்குப் பிரித்தால் நடுவே ஒரு வேலி வரும். பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு பொட்டு இருக்கும். அக்காவின் குசினியிலிருந்து தங்கையின் குசினிக்குக் கறிக்கோப்பை போவதும் வருவதும் அந்தப் பொட்டால்தான். பிள்ளைகள் பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா நடுவில் வளர்கிறார்கள். தமிழ்நாட்டுக் கூட்டுக் குடும்பத்தில் பிள்ளையைச் சூழ்ந்து நிற்போர் பெரியப்பா, சித்தப்பா, அப்பத்தா. அம்மாவைப் பெற்றவளைப் பார்க்க விடுமுறை வரவேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு தேடிப் பயணம் போவதில்லை. பெரும்பாலும் தாய் அதே வீட்டிலோ வேலிக்கு அப்பாலோ இருப்பாள். கணவனோடு மனம் கசந்தாலும் அவள் நிற்பது தன் வீட்டில். வெளியே போகவேண்டியவன் அவன்தான்.

மகளுக்கு வீடு கொடுப்பது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்கே. மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிறார். கிழக்கிலங்கையின் காத்தான்குடியிலும் அவ்வாறே. தேசவழமை செல்லாத மட்டக்களப்பில் தமிழரிடையே தாய்வழிக் குடி முறையோடு இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தைவிட ஆழமாகவே நிற்கிறது. தமிழ்நாட்டின் பிற வட்டாரங்களிலும் உள்வேறுபாடுகள் பல இருக்கக்கூடும்.

சட்டத்தில் இந்தியா முந்திவிட்டது என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதும் 2005இலும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு வந்தது. அது பெரிய செயல்தான். இருந்தும் அண்ணன் தம்பிக்காகப் பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது இன்றும் அங்கே சாதாரணம். கையெழுத்திடாதவள் பிறந்த வீட்டுப் படி ஏற முடியாது என்ற அச்சமே காரணம். யாழ்ப்பாணத்துப் பெண் பங்கு கேட்டு வழக்காட வேண்டியதில்லை. கலியாணத்தோடு சொத்து அவள் கைக்கு வந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு, அவை சிறியனவல்ல. சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் மீதிச் சொத்தில் உரிமை இல்லை என்றது தேசவழமை. மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டுச் சட்டம். பெண்ணின் வீடு என்ற சொல்லுக்கே அது இழுக்கு. காணியே இல்லாமல் பிறர் நிலத்தில் குடியிருக்க விடப்பட்ட சாதியினருக்குச் சீதன வீடு எட்டாக் கனியாக இருந்தது. தங்கைகளுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை நாற்பது வயதிலும் தனியனாக நின்ற அண்ணன்மார் ஊருக்குப் பலர்; கொழும்புக்கும், பின்னர் சுவிசுக்கும் கனடாவுக்கும் போனவர்களின் முதற் சம்பளம் சீமெந்தாகவே திரும்பி வந்தது. இதற்கு மேல் ‘டொனேசன்’ என்ற பெயரில் மாப்பிள்ளையின் பெற்றோர் காசு கேட்பதும் புகுந்துவிட்டது. அது சீதனமே அல்ல. வரதட்சணை என்ற கண்டனம் அதற்கு முழுக்கப் பொருந்தும்.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது கைப்பையில் வைத்துக் கொண்டுபோனவை அடையாள அட்டை, நகை, உறுதி. வீடுகள் இடிந்தன, வேலிகள் அழிந்தன, எல்லைக் கற்களும் காணாமற் போயின. பிறகு திரும்பி வந்து இது எங்கள் காணி என்று சொல்ல மிஞ்சியவை அந்தத் தாள்கள்தான். அவற்றுள் சீதன உறுதி ஒவ்வொன்றிலும் உரிமையாளராக எழுதப்பட்டிருந்தது ஒரு பெண்ணின் பெயர்.