கொடையும் கடையும்: இணையத்தில் நம்மட எழுத்து

இணையம் பற்றி நமது சமூகத்தில் இரண்டு பேச்சுகள் உண்டு. 'பிள்ளைகள் கெட்டுப் போறாங்க' என்பது ஒன்று. 'இனிப் புத்தகம் எதுக்கு, எல்லாம் போனுக்குள்ள கிடக்கு' என்பது மற்றது. இரண்டுமே இணையத்தை மாறாத ஒரு பொருளாக எண்ணிப் பேசும் பேச்சு. அதை யார் செலவு செய்து நடத்துகிறார், எதற்காக நடத்துகிறார் என்பது முப்பது வருடத்துக்குள் தலைகீழாக மாறிவிட்டது. அம்மாற்றம் நம் எழுத்தை என்ன செய்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1993 ஏப்ரல் 30ஆம் திகதி, ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடம் தன்னிடம் உருவான உலகளாவிய வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. தமிழும் அந்தக் கொடைக் குணத்தோடுதான் உள்ளே வந்தது. ஒருவர் கணினியில் அடித்த தமிழ் மற்றவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். ஒருவர் தட்டச்சுச் செய்வார், வேறு நாட்டிலிருக்கும் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒரு சதமும் சம்பளமில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இணையத்தில் ஏறியது இப்படித்தான். 2005இல் இலங்கைத் தமிழ் எழுத்துகளுக்காகத் தொடங்கிய 'நூலகம்' திட்டமும் இதே வழியில் வந்தது. முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் சேர்ந்தன. இவற்றால் யாரும் உழைக்கவில்லை. ஆகவே வாசகனைப் பிடித்து வைத்திருக்கும் தேவையும் யாருக்கும் இருக்கவில்லை. வந்தவன் தேடியதை எடுத்துக்கொண்டு போவான்.

வியாபாரம் முதலில் ஓரமாகத்தான் வந்தது. 1994இல் தோன்றிய பதாகை விளம்பரம், பத்திரிகை விளம்பரத்தைப் போலப் பக்கத்தின் ஒரு மூலையில் இருந்தது. பிறகு 'ஓசி இடம்' வந்தது. ஜியோசிற்றிஸ் என்ற தளத்தில் நம் ஆட்களும் இலவசமாகத் தமிழ்ப் பக்கங்கள் கட்டினார்கள். அதை 1999இல் வாங்கிய யாகூ 2009இல் மூடிவிட்டது. தொண்டர்கள் ஓடிப்போய்ப் பிரதியெடுத்தவை தவிர மற்றதெல்லாம் போயிற்று. மற்றவன் வளவில் தென்னை நட்டால் தேங்காய் யாருக்கு?

அடுத்து வந்த முகநூல் விளம்பரத்தை ஓரத்தில் வைக்கவில்லை. வாசகனின் நேரத்தையே சரக்காக்கியது. எவ்வளவு நேரம் நிற்கிறானோ அவ்வளவு வருமானம். ஆகவே எது அவனை நிறுத்துகிறதோ அதுவே மேலே வரும். 2017 தொடக்கம் சில காலம், ஒரு 'லைக்'குக்கு ஒரு புள்ளி என்றால் கோபக் குறிக்கு ஐந்து புள்ளி என்று கணக்கிட்டதை, 2021இல் வெளியான அக்கொம்பனியின் உள்ளக ஆவணங்களே காட்டின.

இந்தக் கணக்கு நம் எழுத்தையும் மாற்றிவிட்டது. இன்று கவிதை என்று வருபவற்றில் பல, காலையில் எழுதி மாலைக்குள் பாராட்டு வாங்கி இரவில் செத்துவிடுகின்றன. விமர்சனம் என்ற பெயரில் நடப்பது ஒன்றில் 'அருமை தோழர்', இல்லையேல் சண்டை. எம்.ஏ. நுஃமான் 1969இல் கல்முனையிலிருந்து வெளியிட்ட 'கவிஞன்' ஓராண்டளவில் நின்றுபோன காலாண்டிதழ். ஆனாலும் இன்றும் அதைப் பெயர் சொல்லிப் பேசுகிறோம். 2012இல் நம்மூரில் முகநூலில் எழுதப்பட்ட நல்ல கவிதை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னால், எழுதியவருக்கே தேடிப் பிடிப்பது கஷ்டம்.

எழுத்து போனது ஒரு நட்டம். உயிருக்கும் உடைமைக்கும் வந்த நட்டம் இன்னொன்று. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கூட்டம் கூடியது. மிரட்டலுக்கு நடுவே அவர் சொன்ன பதில் வீடியோவாகி, ஒப்புதல் வாக்குமூலம் போல முகநூலில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாப்பொருள் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். அதற்குள் மார்ச் மாதம் திகன எரிந்துவிட்டது. அங்கே தொடக்கக் காரணம் வேறு. ஆனால் அம்பாறை வதந்தி ஏற்கனவே நாடு முழுக்கச் சுற்றியிருந்தது. மார்ச் 7இல் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தடை செய்தது. சிங்களப் பதிவுகளை வாசித்துத் தடுக்கப் போதிய ஆட்களை அக்கொம்பனி வைத்திருக்கவில்லை. சிறிய சந்தைக்கு யார் செலவழிப்பார்? 2020 மே மாதம் அது மன்னிப்புக் கேட்டது.

வெறுப்பை முகநூல்தான் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. 1915 கலவரத்துக்கு இணையம் தேவைப்படவில்லை. வெறுப்புக்கு ஆதாயம் கிடைக்கும் ஒழுங்கு வந்ததுதான் புதிது. அதன் பாதிப்பு சிங்களப் பகுதிகளோடு நிற்கவில்லை. அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் அடுத்தடுத்த ஊர்கள், பேசுவது ஒரே தமிழ். ஆனால் இவ்வூரார் திரையில் வருவது ஒன்று, அவ்வூரார் திரையில் வருவது இன்னொன்று. சந்தையில் முகம் பார்த்துப் பேசும் இருவர், திரையில் ஒருவரையொருவர் வதந்தியாகவே அறிகிறார்கள்.

வியாபாரம் வந்ததால்தான் கடற்றொழிலாளியின் கைக்கும் இணையம் வந்தது, மருதமுனை நெசவாளி தன் சாரனைப் படம்பிடித்துப் போட்டு விற்கலாம் என்பார்கள். அதை மறுப்பதற்கில்லை. வியாபாரம் ஹராமுமல்ல. ஆனால் சந்தைக்குப் போகிறவன் பொருளை விற்றுவிட்டு வருவான், வீட்டு உறுதியை அங்கே வைத்துவிட்டு வரமாட்டான். நாம் எழுத்தையும் நினைவையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. முகநூலில் எழுதுங்கள், ஆனால் மூலப் பிரதி உங்களிடம் இருக்கட்டும். பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் சிறப்பிதழ்கள், நின்றுபோன சிற்றிதழ்கள் எத்தனையோ நம் வீட்டு அலுமாரிகளில் கரையான் தின்னக் கிடக்கின்றன. எழுதியவரின் அனுமதியோடு அவற்றை வருடி 'நூலகம்' போன்ற இடங்களில் சேர்க்கலாம். க.பொ.த. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இதை ஒரு வேலையாகவே கொடுக்கலாம். இலாபம் பார்க்காதவர்கள் ஏற்றி வைத்ததால்தான் சீறாப்புராணம் இன்று நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. நம் காலத்து எழுத்தை ஏற்றி வைக்க வேண்டியவர்கள் நாமன்றி வேறு யார்?