கடிகாரமும் கதாசிரியனும்

எழுத்தாளனைக் கண்டால் ஜனங்கள் சலிக்காமல் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஒன்று, "இதெல்லாம் நிஜமாக நடந்ததா?" மற்றொன்று, "நீங்கள் எப்போது எழுதுவீர்கள்?" முதல் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு நான் பல வருஷங்களாக ஒரே பொய்யைச் சொல்லி வந்தேன். "தோன்றும்போது எழுதுவேன்" என்பதே அந்தப் பொய். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஏதோ அருள் வந்து ஆட்டுவிக்கிற மாதிரி ஒரு தோற்றம் கிடைக்கிறதல்லவா? உண்மை என்னவென்றால், எனக்குத் தோன்றாத நாட்களே அதிகம்.

இந்தப் பொய்யின் சட்டையைப் பிடித்து உலுக்கிய புத்தகம் ஒன்று உண்டு. ஆண்டனி டிரொல்லப் என்ற ஆங்கில நாவலாசிரியரின் சுயசரிதை அது. அவர் 1882 டிசம்பரில் காலமானார். புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது. அதைப் படித்த ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கத்தக்க விஷயமும் அதில் இருக்கத்தான் செய்தது.

டிரொல்லப் தபால் இலாகாவில் 1834-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867 வரையில் உத்தியோகம் பார்த்தவர். நாவல்கள் மட்டும் 47 எழுதியிருக்கிறார். எப்படி முடிந்தது? காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம். கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதவேண்டும் என்று கணக்கு. ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு, அன்றன்று எத்தனை பக்கம் என்று குறித்து வைப்பார். எழுதாத நாள் அந்த நோட்டில் வெறுமையாகக் கிடந்து அவரை முறைக்கும். செருப்புத் தைக்கிறவன் உத்வேகத்துக்காகக் காத்திருக்கிறானா, எழுத்தாளன் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியில், எந்தப் புத்தகத்துக்கு எத்தனை பவுன் வந்தது என்று ஒரு ஜாபிதாவும் கொடுத்திருக்கிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்கும் எரிச்சல்தான் வந்தது. 'இவர் நாவலாசிரியரா, கணக்குப்பிள்ளையா?' என்று புத்தகத்தை மூடி வைத்தேன். மறு தடவை படித்தபோது இரண்டு சங்கதிகள் கண்ணில் பட்டன.

முதலாவது இது: 1858-ல் தபால் இலாகா அவரை எகிப்துக்கு அனுப்பியது. கப்பலில் அவருக்குக் குமட்டல். எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து, மறுபடியும் எழுதினாராம். அந்தப் பிரயாணத்தில் எழுதிய நாவல் 'டாக்டர் தார்ன்'. அதை எகிப்தில் ஒரு நாள் முடித்தார். மறு நாளே 'தி பெர்ட்ரம்ஸ்' என்ற அடுத்த நாவலைத் தொடங்கினார். 'டாக்டர் தார்ன்' இன்றும் ருசி குன்றாமல் இருக்கிறது. 'தி பெர்ட்ரம்ஸ்' பற்றியோ, தம் சிநேகிதர்கள்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதே மனிதர், அதே கடிகாரம், அதே 250 வார்த்தை. ஒன்று பொன், மற்றது பித்தளை. ஆகவே, தினசரி எழுதினால் நன்றாக எழுத வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கடிகாரத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. டிரொல்லப்பின் நாவல்களில் வெறும் பக்கக் கணக்குக்காக நீட்டப்பட்ட அத்தியாயங்கள் ஏராளம். அவற்றைப் படிக்கும்போது கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் நம் காதிலேயே விழுகிறது.

அப்படியானால் பழக்கத்தினால் என்ன லாபம்? இங்கேதான் இரண்டாவது சங்கதி வருகிறது.

அவர் படைத்த பாத்திரங்களில் மிஸஸ் பிரௌடி என்ற அம்மாள் பிரசித்தம். பார்செஸ்டர் என்ற கற்பனை நகரத்துப் பிஷப்பின் மனைவி. பிஷப்பையும் அவர் மேல்பார்வையில் இருந்த கோவில்களையும் சேர்த்து ஆட்டி வைத்தவள். 1857-ல் வந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில் முதன்முதலாகத் தலைகாட்டினாள். பிறகு வரிசையாகப் பல நாவல்களில் வந்தாள். ஒரு நாள் லண்டனில் அதீனியம் கிளப்பில் டிரொல்லப் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இரண்டு பாதிரிமார்கள், இந்த மனிதர் பழைய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறாரே என்று அலுத்துக்கொண்டார்கள். மிஸஸ் பிரௌடியின் பெயரும் அடிபட்டது. டிரொல்லப் எழுந்து போய், "நான்தான் அந்த ஆள். வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அவளைத் தீர்த்துவிடுகிறேன்" என்கிற ரீதியில் சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடி செய்தும் விட்டார். அப்படிச் செய்ததற்காகப் பிற்பாடு வருத்தப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

கதை வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் 1867-ல் முடிந்த 'லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்' நாவலில் அந்த மரணத்தைப் படித்துப் பாருங்கள். வேடிக்கை போய்விடும். படுக்கையில் விழுந்து சாகிற பிறவியா அவள்? கட்டில் காலைக் கையால் பற்றியபடி நின்ற நிலையில் செத்திருக்கிறாள். கீழ்த்தளத்தில் பிஷப்புக்குச் செய்தி வருகிறது. ஆயுள் முழுவதும் அவளிடம் நடுங்கியவர், அன்றுதான் அவளை எதிர்த்துப் பேசியிருந்தார். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்கிறார். எதற்காக? மனைவி செத்துப்போனதில் தமக்குச் சந்தோஷம் உண்டாகிவிடாமல் ஆண்டவன் காப்பாற்ற வேண்டும் என்று!

இந்த ஒரு வரி உத்வேகத்தில் வந்து விழுகிற வரி அல்ல. பத்து வருஷ காலம் அந்தத் தம்பதியோடு ஒரே வீட்டில் குடியிருந்தவனுக்குத்தான் இது தெரியும்.

நம் பாஷையில் 'பழக்கம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தினம் ஒரு காரியத்தைச் செய்வதும் பழக்கம்; ஒரு மனிதரை நெருங்கி அறிந்திருப்பதும் பழக்கம். "எனக்குக் காபிப் பழக்கம் இல்லை" என்கிறோம். "அவரோடு எனக்குப் பத்து வருஷப் பழக்கம்" என்றும் சொல்கிறோம். டிரொல்லப்பின் ரகசியம் இந்த இரண்டாவது பழக்கந்தான். கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தினமும் முதல் அரை மணி நேரம் அவர் எழுதுவதே இல்லை. முந்தின நாள் எழுதியதை வாசிப்பார். நேற்று விட்ட இடத்தில் அந்த மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்.

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதே 1857-ல் புத்தகமாக வந்த 'மதாம் பொவாரி'யைப் பிரெஞ்சு ஆசிரியர் பிளாபேர் ஏறக்குறைய ஐந்து வருஷம் எழுதினார். ஒரு பக்கத்தோடு நாட்கணக்கில் மல்லுக்கு நிற்பார். ஆனால் அவரும் நாள் தவறாமல் உட்கார்ந்தவர்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவல் ஆரம்பித்தேன். கும்பகோணத்தில் மெஸ் நடத்துகிற விசாலம் என்ற விதவையின் கதை. 90 பக்கம் ஓடிற்று. அப்போது அப்பா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியும் வீடுமாக ஏழு மாதம். பிறகு அவர் போய்விட்டார். காரியங்களெல்லாம் முடிந்து நோட்டைத் திறந்தால், விசாலம் என்னை அந்நியனைப் பார்ப்பது போல் பார்த்தாள். கோபம் வந்தால் அவள் கரண்டியை 'டங்'கென்று வைப்பாளா, சத்தமில்லாமல் வைப்பாளா? எனக்கு மறந்துவிட்டது. பிடிவாதமாக எழுதினேன்; அவள் என்னைப்போலவே பேசினாள். நோட்டைப் பரணில் போட்டேன். கேட்டவர்களிடம் "உத்வேகம் போய்விட்டது" என்றேன். உத்வேகம் எங்கும் போகவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று.

டிரொல்லப்பின் சுயசரிதையில் என்னை அதிகமாகக் குத்திய பகுதி அவரைப் பற்றியதே அல்ல. அவர் தாயாரைப் பற்றியது. பிரான்ஸிஸ் டிரொல்லப் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே முதல் புத்தகத்தை வெளியிட்டவள். கணவர் கடனில் மூழ்கியதால் குடும்பம் 1834-ல் பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்துக்கு ஓடிற்று. அங்கே ஒரு மகன் க்ஷயரோகத்தில் கிடந்தான். கணவரும் நோயாளி. இருவருக்கும் பணிவிடை செய்துகொண்டே அந்த அம்மாள் நாவல் எழுதினாள். அவள் எழுதினால்தான் அடுப்பு எரியும். மருந்துச் சீசாவும் மைக்கூடும் ஒரே அறையில் இருந்தன. அந்த டிசம்பரில் மகன் போனான். அடுத்த வருஷம் கணவர் போனார். புத்தகங்கள் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த இரவுகள் ஞாபகத்துக்கு வந்தன. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் நாவல் எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மனவலிமை எனக்குக் கிடையாது. இருக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம், விசாலம் இந்நேரம் இலை போட்டிருப்பாளா என்று நினைத்துப் பார்த்திருக்கலாம். அப்பா ஆட்சேபித்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தரைக்கு மேஜையில் உட்காரும் டிரொல்லப்பை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு கிழ வேலைக்காரன் இருந்தான். அதற்காக வருஷத்துக்கு ஐந்து பவுன் அதிகச் சம்பளம். தம் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவனுக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்கிறார். ரயிலில் பென்சிலால் எழுதியதை மையால் படி எடுத்தது மனைவி ரோஸ். ஒருவர் பழக்கத்துக்குப் பின்னால் வேறு பலருடைய பழக்கங்கள் தூங்காமல் நிற்கின்றன. காபி தாமே போட்டுக்கொண்டு எழுதுகிற பெண்மணிகள் இதைப் படித்தால், கால் மணிக்கு 250 வார்த்தை வரவில்லையே என்று மனம் நோக வேண்டாம். பத்து வரி எழுதினாலும், எழுதாமல் நேற்றைய பக்கத்தை வாசித்தாலும் போதும். அந்த மனிதர்களோடு உறவு அறுந்துபோகாது.

பரணிலிருந்து நோட்டை இறக்கியாயிற்று. பால் வருமுன் அரை மணி உட்காருகிறேன். முதல் வாரம் வாசித்ததோடு சரி. காபி கொண்டுவந்து வைக்கும்போது மனைவி தினமும், "வந்தாளா உங்கள் விசாலம்?" என்று கேட்கிறாள். நேற்று, "வாசல் வரைக்கும் வந்தாள்" என்றேன்.