ஜிம்முவுக்கு எண் உண்டு, ஜிங்கூவுக்கு இல்லை

ஜப்பானிய அரச வம்சப் பட்டியலில் முதல் பெயர் ஜிம்மு. கி.மு. 660இல் அரியணை ஏறினாராம், 127 வயதுவரை வாழ்ந்தாராம். அவர் இருந்தார் என்பதற்குச் சமகாலச் சான்று ஒன்றுகூட இல்லை. கி.பி. 712இல் முடிந்த கொஜிக்கியும் 720இல் முடிந்த நிஹோன் ஷோகியும் சொல்லும் கதைதான் ஆதாரம். ஆனாலும் பட்டியலின் 1ஆம் எண் அவருடையது. அவர் அரியணை ஏறியதாகக் கணக்கிட்ட பிப்ரவரி 11 இன்றும் அங்கே அரசு விடுமுறை.

அதே இரண்டு நூல்களில்தான் ஜிங்கூவும் வருகிறார். கொஜிக்கியில் அந்தக் காட்சி அபாரமானது. கணவர் சூவாய் யாழ் போன்ற கோதோவை மீட்டுகிறார். மனைவியின் வாய்வழியே தெய்வம் பேசுகிறது: மேற்கே செல்வம் கொழிக்கும் நாடு இருக்கிறது. உயரத்தில் நின்று பார்த்தும் கடல்தான் தெரிகிறது என்று சொல்லி, அவர் நம்ப மறுக்கிறார். வாசிப்பு நின்றுபோகிறது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் பிணம். பிறகு ஜிங்கூ இடுப்பில் கல்லைக் கட்டிப் பேறுகாலத்தைத் தள்ளிப்போட்டு, கடல் கடந்து சில்லா நாட்டைப் பணியவைத்து, திரும்பிவந்து மகன் ஓஜினைப் பெறுகிறார்.

இதைப் பெண் வீரம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. நாடு யாருக்கு என்று கேட்டால், உன் வயிற்றில் இருக்கும் ஆண்பிள்ளைக்கு என்கிறது தெய்வம். வாய் தெய்வத்துக்கு, கருப்பை வாரிசுக்கு. அவளுக்கென்று மிஞ்சுவது அந்தக் கல்லின் பாரம். இந்தக் கதைக்கு ரத்த வாடையும் உண்டு. 1881இல் ஒரு யென் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்ட அரசு, 1910இல் கொரியாவை விழுங்கியது. 'பழைய உரிமை' என்று காட்ட அவருடைய படையெடுப்புக் கதை வசதியாக இருந்தது.

நோட்டில் இடம் கிடைத்தவருக்குப் பட்டியலில் கிடைக்கவில்லை. பல பழைய ஏடுகள் அவரை 15ஆவது ஆட்சியாளராக எண்ணின. மிதோ அறிஞர்களின் பெருவரலாறு அவரை அரசிகள் பகுதிக்கு நகர்த்தியது. 1926இல் பட்டியல் முறைப்படுத்தப்பட்டபோது எண் பறிபோனது. மூலநூலே அவரைப் பேரரசர் என்று சொல்லவில்லை, மகனுக்காக ஆண்டவர் என்றுதானே சொல்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே நூல் அவருக்கு 69 ஆண்டு ஆட்சியையும், ஆட்சியாளர்களுக்குத் தருவதுபோலத் தனி அதிகாரத்தையும் தருகிறது. புராணம் என்பதால் நீக்கியிருந்தால் ஜிம்முவும் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கம் கைவைத்தவர் கதி வேறு. தொடக்ககால மன்னர் கதைகளை ஆராய்ந்த சுதா சோகிச்சியின் நூல்கள் 1940இல் தடைசெய்யப்பட்டன, 1942இல் அவர் தண்டிக்கப்பட்டார்.

ஆண்வழி ஆண் மட்டுமே அரியணைக்கு உரியவர் என்று 1889இன் அரச குடும்பச் சட்டம் எழுதியது. 1947இன் சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. அதற்கு முன் எட்டுப் பெண்கள் பேரரசர்களாக ஆண்டிருக்கிறார்கள், அவர்கள் புராணமல்ல. (இத்தனைக்கும் இந்த 'ஆண்வழி' தன் மூலமாகச் சொல்லிக்கொள்வது அமதெராசு என்ற பெண் தெய்வத்தை.) 2024 அக்டோபரில் ஐ.நா.வின் பெண்கள் பாகுபாடு ஒழிப்புக் குழு, இந்தச் சட்டத்தைத் திருத்துமாறு பரிந்துரைத்தது. ஜப்பான் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 2025 ஜனவரியில், தான் ஐ.நா.வுக்கு விரும்பித் தரும் நிதியில் ஒரு காசும் அந்தக் குழுவுக்குப் போகக் கூடாது என்றது.