இருகுரற் பாடல்களில் மூன்றாம் கூற்று

அகப்பாடல்களைக் கூற்று அடிப்படையில் வகுத்துக் கற்பது நம் மரபு. தலைவன், தலைவி, தோழி எனப் பேசுவோர் யாரென அறிந்த பின்னரே பாடற்பொருள் தெளிவுறுகிறது. தலைவனும் தலைவியும் எதிர்நின்று உரையாடும் பாடல்களைக் கலித்தொகையில் காண்கிறோம். திரைப்படங்களில் ஆணும் பெண்ணும் இணைந்து பாடும் இருகுரற் பாடல்களை இவ்வளவுகோலால் நோக்கின், அவற்றுள் சொல்லற்ற மூன்றாம் கூற்று ஒன்றும் இருப்பது புலனாகும். அது வாத்தியக் குழுவின் கூற்று. பம்பாய் இந்தித் திரையிசையை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

1950களில் பம்பாய் இசையமைப்பாளர் பலர் ஆர்மோனியத்தின் துணையுடன் மெட்டமைத்தனர். அம்மெட்டுக்கு முகப்பிசை, இடையிசை, குரலுக்கு எதிரிழையாக ஓடும் துணைமெட்டு ஆகியவற்றை வகுத்து, ஒவ்வொரு வாத்தியத்திற்கும் மேலை இசைக்குறியீட்டில் எழுதித் தந்தவர், துறையினர் ‘அரேஞ்சர்’ என வழங்கும் இசை ஒழுங்கமைப்பாளர். இப்பணியில் கோவாவைச் சேர்ந்த கலைஞர்கள் சிறந்து விளங்கினர். சங்கர்–ஜெய்கிஷனுக்குப் பணியாற்றிய செபாஸ்டியன் டிசோசாவும், பியாரேலாலுக்கு வயலின் கற்பித்த அந்தோணி கோன்சால்வசும் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர்.

இருகுரற் பாடலில் இவர்தம் பணி மேலும் நுட்பமானது. ஆண்குரலுக்கும் பெண்குரலுக்கும் இயல்பான சுருதி வேறு. ஒரே ஆதார சுருதியில் பாடும்போது ஒருவர்க்கு எளிதாவது மற்றவர்க்கு அரிதாகும். ஒரு குரல் ஓய்ந்து மறுகுரல் எழும் இடைவெளியை இட்டு நிரப்பி, இரண்டையும் ஓருணர்வில் பிணைப்பது வாத்தியமே.

‘ஸ்ரீ 420’ (1955) படத்தில் லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடிய ‘பியார் ஹுவா இக்ரார் ஹுவா’ இதற்குச் சான்று. மழையில் ஒரே குடைக்கீழ் நிற்கும் இருவர் காதலை ஏற்கின்றனர், ஏற்றபின்னும் அஞ்சுகின்றனர். சைலேந்திராவின் சொற்கள் அச்சத்தைக் கூறுகையில், குரல்கள் ஓயுமிடத்தில் எழும் வயலின் கூட்டம் அவ்வச்சத்தைத் தாண்டிச் செல்கிறது. காதலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை அறிந்து இடைநின்று உரைக்கும் தோழியின் இடத்தை அவ்விசை பெறுகிறது எனலாம். பாடல் வரிகளை மட்டும் கொண்டு திறனாய்வோர் இக்கூற்றை இழக்கின்றனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. இடையிசையையும் இசையமைப்பாளரே முணுமுணுத்துக் காட்டுவதுண்டு. ஆதலின் ஒரு பாடலில் எப்பகுதி எவருடையது என அறுதியிடல் அரிது. இளையராஜா போல மெட்டையும் ஒழுங்கமைப்பையும் தாமே எழுதுவோரிடம் இவ்வினா எழுவதில்லை. எனினும் பங்கீடு தெளிவாக இல்லை என்பது பங்கே இல்லை என்பதாகாது.

படத்தின் பெயர்ப்பட்டியலில் ஒழுங்கமைப்பாளர் இடம்பெற்றபோதும் பெரும்பாலும் ‘உதவியாளர்’ என்ற அளவிலேயே இடம்பெற்றார். கிரெகரி பூத் 2008இல் வெளியிட்ட நூல், பம்பாய் வாத்தியக் கலைஞர்களின் வாய்மொழிகளைத் தொகுத்து இக்குறையை ஓரளவு நீக்கியது. அத்தகைய தொகுப்புப் பணி சென்னைக் கலைக்கூடங்களைப் பற்றியும் விரிவாக நிகழ வேண்டும். நேரில் கண்டோர் குறைந்துவருகின்றனர். அகப்பாடலில் தோழிக்குப் பெயரில்லை. அது இலக்கண மரபு. ஒழுங்கமைப்பாளருக்குப் பெயரில்லாமற் போனதோ தொழில் வழக்கம். முன்னதைப் போற்றும் நாம் பின்னதையும் மரபெனக் கொள்ளலாகாது.