இலவசம் என்னும் முற்பணம்

திறனாய்வு என்பது கவிதையையும் புனைகதையையும் மட்டுமே நோக்க வேண்டும் என்று எவரும் விதித்துவிடவில்லை. மக்கள் நாள்தோறும் எதனை வாசிக்கிறார்களோ அதுவும் திறனாய்வாளனின் கவனத்துக்குரியதே. இன்று நாவிதன்வெளியிலோ கல்முனையிலோ ஓர் இளைஞன் நாள்தோறும் வாசிக்கும் உரைநடையில் கணிசமான பகுதி, கைத்தொலைபேசித் திரையில் வந்து நிற்கும் விளம்பரமாகும். அவற்றுள் ஒன்றை, அதாவது ஒன்லைன் கசினோக்கள் தம் 'ஸ்லொட்' விளையாட்டுகளுக்கென வழங்கும் இலவச போனஸ் அறிவிப்பை, ஓர் ஆக்கத்தை வாசிப்பது போலவே இங்கு வாசிக்க முனைகிறோம்.

இதற்குத் தூண்டுகோலானவர் நம்மிடம் முன்னர் பயின்ற ஒருவர். மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதி நீரில் அமிழ்ந்து, கல்முனைக்கு வேலைக்குப் போக வழியின்றி வீட்டில் முடங்கியிருந்த நாட்களில் அவர் இதனைத் தொடங்கினார். "சேர், நான் ஒரு சதமும் போடல்ல, அவங்க சும்மா தந்த காசுதான்" என்றார். திரையில் அவர் கணக்கில் 12,000 ரூபா இருந்தது. அதனைக் கையில் எடுக்க முடியவில்லை என்பதே அவரது முறைப்பாடு. எடுப்பதற்காக முதலில் 1,000, பின்னர் 5,000 எனத் தம் உழைப்பின் பணத்தைச் செலுத்தியும் இருந்தார்.

அவர் காட்டிய அறிவிப்புக்கு இரண்டு பாகங்கள் இருந்தன. முதற்பாகம் தமிழில், பெரிய எழுத்தில். 'உங்களுக்காக மட்டும்', 'இன்றே' என்றெல்லாம் வாசகனை நேரே விளிக்கும் நடை. சூது என்ற சொல்லோ இழப்பு என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில், நுண்ணிய எழுத்தில். அங்கே 'நீங்கள்' மறைந்துவிடுகிறார். 'விளையாடுபவர்' என்ற முகமற்ற ஒருவர் மட்டுமே இருக்கிறார். வாக்குறுதி ஒரு மொழியில், நிபந்தனை வேறொரு மொழியில்! நமது நாட்டின் மொழிப் பிரச்சினையை இவ்வளவு திறமையாகப் பயன்படுத்திக்கொண்ட எழுத்தாளர் வேறெவரும் இருப்பாரோ என்பது ஐயமே.

அந்த இரண்டாம் பாகமே ஆக்கத்தின் உயிர். அதன்படி, போனஸாகக் கிடைப்பது பணமன்று. அதனைப் பணமாக்க வேண்டுமாயின் குறித்த மடங்கு தொகையைப் பந்தயமாக வைத்துத் தீர்க்க வேண்டும். 35 மடங்கு என்பது இத்தகைய அறிவிப்புகளில் அடிக்கடி காணக்கூடிய எண். எனவே 1,000 ரூபா போனஸுக்கு 35,000 ரூபா அளவில் ஆடியாக வேண்டும். ஒரு சுழற்சிக்கு 20 ரூபா எனின் 1,750 தடவை விரலால் அழுத்த வேண்டும். ஒன்றுக்கு ஐந்து விநாடி கொண்டாலும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இது விளையாட்டன்று, வேலை.

இந்த வேலைக்குக் கூலி என்ன? ஒன்லைன் ஸ்லொட்டுகள் பலவற்றில், வைத்த பணத்தில் 96 வீதமளவு நீண்டகாலச் சராசரியில் ஆடுவோருக்குத் திரும்புமாறும், 4 வீதம் நடத்துவோரிடம் தங்குமாறும் கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. 35,000 ரூபாவில் 4 வீதம் 1,400 ரூபா. கொடுத்த இலவசமோ 1,000 ரூபா! சராசரியாக நோக்குமிடத்து, நிபந்தனை நிறைவேறுவதற்கு முன்னரே அன்பளிப்பு கரைந்துவிடும். எஞ்சிய தூரத்தைக் கடக்க வேண்டுமாயின் ஆடுபவன் தன் சட்டைப்பையைத் தொட வேண்டும். நம்மவர் செலுத்திய 6,000 ரூபா இவ்வாறு போனதே. சிலர் வெல்வதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களுக்கென வேறு விதிகள் காத்திருக்கின்றன: எடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு, ஏழு நாள் போன்ற காலக்கெடு, ஒரு சுழற்சியில் இவ்வளவுக்கு மேல் வைத்தால் அனைத்தும் இரத்து, பணம் கேட்கும்போது மட்டும் தொடங்கும் அடையாள அட்டைச் சோதனை.

பிரித்தானியாவின் சூதாட்ட ஆணைக்குழு இம்மடங்கைப் பத்துக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் முடிவை 2025இல் அறிவித்தது. மேற்சொன்ன கணக்கைப் பத்து மடங்குக்குப் போட்டுப் பார்த்தால் சராசரி இழப்பு 400 ரூபா. 600 ரூபா ஆடுபவனிடம் மிஞ்சும். எனவே அன்பளிப்பா பொறியா என்பதைத் தீர்மானிப்பது கொடுப்பவனின் தாராளமன்று, நுண்ணிய எழுத்தில் மறைந்திருக்கும் அந்த ஓர் எண்ணே. 20 ரூபா வைத்தவனுக்கு 8 ரூபா திரும்பும்போது மணியோசையும் ஒளியும் எழுப்பி வெற்றியாகக் கொண்டாடும் வழக்கத்தையும் அதே ஆணைக்குழு 2021இல் தடை செய்தது. தோல்விக்கு மேளம் கொட்டும் கலையை நமது கூத்துக்காரரும் அறியார்.

இப்பொறிமுறை நமது கரையோர மக்களுக்குப் புதிதன்று. கடற்றொழிலாளி முதலாளியிடம் முற்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுப்பதை நாம் அறிவோம். கல்லோயாக் குடியேற்றக் கொலனிகளின் சிறு விவசாயி விதையும் உரமும் கடனாகப் பெற்று, அறுவடையன்றே நெல்லை அளந்து கொடுப்பதையும் அறிவோம். கடனென்று தெரிந்தே அவர்கள் கைநீட்டுகிறார்கள். இங்கோ கடன் 'பரிசு' என்ற சட்டையை அணிந்து வருகிறது. அங்கே உழைப்பின் முடிவில் மீனாவது நெல்லாவது உலகில் உண்டு. இங்கே 1,750 அழுத்தல்களின் முடிவில் எவருக்கும் ஒரு பிடி சோறுகூட விளைவதில்லை.

நமது பிரதேசத்தில் சூதுக்கு எதிரான குரல் குறைவில்லை. குர்ஆன் மதுவையும் சூதையும் ஒருசேர விலக்குவதைப் பள்ளிவாசல்களில் கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில், சூதில் வைத்து இழக்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரம் ஆண்டுதோறும் வனவாசமாகவும் தீமிதிப்பாகவும் நிகழ்த்தப்படுகிறது. எனினும் 'நான் ஒரு சதமும் போடவில்லை' என்ற வாக்கியத்துக்கு முன் இவ்விரு குரலும் செயலிழந்து போவதை நாம் கண்டோம். பணயம் வைத்தால்தானே சூது? பணயம் வைக்காதவனின் மனச்சாட்சி எதற்கு விழிக்க வேண்டும்? போனஸின் மறைவான தீமைகளுள் இதனையே முதன்மையானதாக நாம் கருதுகிறோம். பணத்தைப் பறிப்பதற்கு முன் அது காவலை நீக்குகிறது. பாரதக் கதையிலும் முதற்சூதில் இழந்தவை யாவற்றையும் திருதராட்டிரன் இலவசமாகவே திருப்பிக் கொடுத்தான். அதன் பின்னர் வந்த இரண்டாம் அழைப்பே பாண்டவரைக் காட்டுக்கு அனுப்பியது. கூத்துக் களரியில் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

முற்போக்கு அணியினராகிய நாமும் குற்றமற்றவரல்லர். இதனைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிட்டோம். 2021இன் இரசாயன உரத் தடையில் வயல் விளைச்சல் குன்றியதையும், 2022இன் நெருக்கடியில் வரிசையில் நின்று களைத்த பெற்றோரையும் கண்டு வளர்ந்த இளைஞனுக்கு, 'சும்மா கிடைக்கும்' என்ற சொல் ஏன் இனிக்கிறது என்று நாம் கேட்கவில்லை.

2025 ஓகஸ்ட் மாதத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. கொழும்பில் பெரும் கசினோ விடுதியொன்று திறக்கப்பட்டது. நமது பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியப் பாராளுமன்றமோ பணம் வைத்தாடும் ஒன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. தடையா ஒழுங்குமுறையா என்ற விவாதம் தொடரட்டும். எவ்வழியாயினும், வாக்குறுதி எந்த மொழியில், எந்த அளவு எழுத்தில் அச்சாகிறதோ, நிபந்தனையும் அம்மொழியில், அதே அளவில் இருக்க வேண்டும். மடங்கை எண்ணாக அன்றி, ஆடித் தீர்க்க வேண்டிய ரூபாவாகவே எழுத வேண்டும். இதனைக் கோருவதற்குப் பெரும் புரட்சி எதுவும் தேவையில்லை. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் நாளையே எழுதி அனுப்பலாம்.

நம் மாணவர் அந்தக் கணக்கைத் தொடாது விட்டுவிட்டார். 12,000 ரூபா இன்னும் திரையில் இருக்கிறதாம். சென்ற வாரம் அவருக்கு 50 இலவசச் சுழற்சிகள் வந்திருந்தன. நிபந்தனைப் பாகத்தை இருவருமாக அமர்ந்து, அகராதியுடன் வாசித்தோம். மடங்கு 40 என்றிருந்தது.