சந்தா நின்றால் பழைய ஆல்பம் திறக்குமா?

ஆடி 18 சமயத்தில் வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை போயிருந்தேன். செம்மேட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் போனால் பார்க்காமல் வருவதில்லை. ஆடி மாசம், கல்யாணம் கிடையாது. கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். டீ சொல்லிவிட்டு, நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் ஒரு கேள்வி கேட்டார்.

"போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேரெல்லாம் மாசச் சந்தா ஆயிடுச்சுங்களே சார். விலையும் ஏறிட்டே போகுது. ஏறுனா ஏறட்டும், நாமளும் ஆல்பத்துக்கு ரேட்டு ஏத்திக்கலாம். ஆனா ஒரு ஆறு மாசம் கட்ட முடியலைன்னு வைங்க. நான் ஏற்கெனவே செஞ்சு வச்ச ஆல்பம் தொறக்குமா?"

"தெரியலண்ணா, பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இவை. எனக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. அறப்பளீசுவரர் கோயில் முதல் மலையடிவார ஊர்கள் வரை கல்வெட்டுகளைப் படம் எடுத்துச் சேர்க்கும் பழக்கம் பல வருடமாக இருக்கிறது. தேய்ந்த எழுத்து ஒன்றைப் படிக்கிற மாதிரி கொண்டுவர ஒரே படத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததுண்டு. அந்த உழைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, அது யாருடைய கையில் இருக்கிறது என்று நானும் யோசித்ததில்லை.

முதலில் விலைக் கணக்கு

சந்தா என்றாலே கொள்ளை என்று கத்துவது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு சுலபம் இல்லை.

அடோபி நிறுவனம் 2013 மே மாதம், இனிமேல் பெட்டியில் விற்கும் கிரியேட்டிவ் ஸூட் கிடையாது, சிஎஸ்6தான் கடைசி என்று அறிவித்தது. அதன் பிறகு எல்லாம் சந்தா. அதற்கு முன் அமெரிக்காவில் போட்டோஷாப் சிஎஸ்6 விலை 699 டாலர். பழைய பதிப்பு கையில் இருந்தால் 199 கொடுத்து மேம்படுத்திக்கொள்ளலாம். 2012இல் வந்த லைட்ரூம் 4, 149 டாலர்; மேம்படுத்த 79. (இந்திய விலையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனிக் கதை. ஒப்பிடுவதற்காக டாலரிலேயே போகிறேன்.)

போட்டோஷாப் சிஎஸ்5க்கும் சிஎஸ்6க்கும் இடைவெளி இரண்டு வருடம். லைட்ரூமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வந்தது. ஒவ்வொரு பதிப்பையும் விடாமல் வாங்கியவருக்கு இரண்டு வருடத்துக்கு 278 டாலர், அதாவது மாதம் 11.60 டாலர் அளவுக்குச் செலவு. இரண்டையும் சேர்த்து 9.99 டாலருக்கு வந்த போட்டோகிராபி சந்தா அவருக்கு லாபம்தான். மறுக்க முடியாது.

அந்த 9.99 பதினோரு வருடம் போல அப்படியே இருந்தது. 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2025 ஜனவரி 15 முதல் 20 ஜிபி திட்டம் புதியவர்களுக்குக் கிடையாது, ஏற்கெனவே மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 14.99. ஒரே தாவலில் 50 சதவீதம். அந்தப் பதினோரு வருடத்தில் அமெரிக்கப் பொது விலைவாசி ஏறியது மூன்றில் ஒரு பங்கு போலத்தான். வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டுபவர்களுக்கு மட்டும் பழைய விலை தொடர்ந்தது. 2025 ஜூனில் வட அமெரிக்காவில் முழுத் தொகுப்பின் மாத விலையும் 59.99இலிருந்து 69.99 ஆனது.

இது விடாமல் மேம்படுத்துகிறவரின் கணக்கு. நம்மூர் ஸ்டூடியோக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. 2002இல் வந்த போட்டோஷாப் 7ஐ வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் கல்யாண ஆல்பமும், பாமினி எழுத்துருவில் பிளெக்ஸ் பேனரும் அடித்த ஊர் இது. அதில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்காத பிரதிதான், அதை மறைத்துப் பேசவில்லை. ஆனால் காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும் அவர் ஒரு தடவை வாங்கிப் பல வருடம் ஓட்டியிருப்பார். 699ம் 149ம் சேர்த்து 848 டாலர். 9.99 வீதம் அந்தத் தொகையை எட்ட ஏழு வருடம் ஆகும். 14.99 வீதம் ஐந்து வருடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு வாங்கியவருக்குச் செலவு இல்லை. சந்தாக்காரருக்கு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆக, விலை உயர்வு யாரைக் கடிக்கிறது என்பது ஆளைப் பொறுத்தது. புதிய வசதி வந்தவுடன் வேண்டும் என்கிற சென்னை விளம்பர ஏஜென்சிக்கு இது பெரிய விஷயம் இல்லை. "இருக்கிறது போதும்" என்று இருக்கத் தெரிந்தவருக்குத்தான் அடி. போதும் என்று சொல்லும் வழியையே சந்தா எடுத்துவிட்டது.

மாதச் சந்தா என்ற பெயர்

கல்யாண ஸ்டூடியோவின் வருமானம் முகூர்த்தத்தைப் பொறுத்தது. ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை. தை, வைகாசி, ஆவணி என்று வந்தால் தூங்க நேரம் இருக்காது. இப்படிப்பட்ட தொழிலுக்கு உண்மையான மாதச் சந்தா பொருத்தமாகவே இருக்கும். வேலை இருக்கிற மாதம் கட்டுவது, இல்லாத மாதம் நிறுத்துவது.

ஆனால் மலிவாகக் காட்டப்படும் திட்டம் பெரும்பாலும் 'வருட ஒப்பந்தம், மாதத் தவணை' என்ற வகை. நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதி அபராதம். இதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள், விலகுவதையும் கஷ்டமாக்கினார்கள் என்று குற்றம்சாட்டித்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு, அதன் வணிக ஆணையமான எஃப்டிசியின் புகாரின் பேரில், அடோபி மீது வழக்குத் தொடுத்தது.

இந்தியாவில் இந்த விஷயத்தில் சட்டம் மோசமில்லை. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அப்போது பல வெளிநாட்டுச் சந்தாக்கள் தடைபட்டு, எல்லாரும் ரிசர்வ் வங்கியைத் திட்டினோம். நானும்தான். இப்போது யோசித்தால் அந்த ஒரு எஸ்எம்எஸ் நமக்குச் சாதகமானது என்றுதான் படுகிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் 'சந்தாப் பொறி' என்பதும் ஒன்று.

இவையெல்லாம் பணம் வெளியே போவதைக் கட்டுப்படுத்துகிற விதிகள். நண்பர் கேட்டது பணத்தைப் பற்றி இல்லையே.

சரி, திறக்குமா?

பதில்: படம் உங்களிடம் இருக்கும். அதன்மேல் நீங்கள் செய்த வேலையைத் தொடர முடியாது.

போட்டோஷாப் சந்தா முடிந்தால் போட்டோஷாப் ஓடாது. பிஎஸ்டி கோப்பு உங்கள் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கும், திறக்க வேறு மென்பொருள் தேட வேண்டும். லைட்ரூம் கிளாசிக் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. சந்தா நின்றாலும் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் டெவலப், மேப் என்ற இரண்டு பகுதிகளும் பூட்டப்பட்டுவிடும். திருத்துகிற இடமே டெவலப்தான்.

இதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லைட்ரூம் மூலப்படத்தைத் தொடுவதில்லை. "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு தூக்கு" என்ற கட்டளைகளை மட்டும் கேட்டலாக் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பு ஒரு சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளம். அதைத் திறந்து படிக்க அடோபியின் தயவு தேவையில்லை, நான் திறந்தே பார்த்தேன். என் கல்வெட்டுப் படங்களின் எண்கள் அத்தனையும் இருக்கின்றன. ஆனால் 'நிழல் +40' என்பதற்கு அர்த்தம் கொடுப்பது அடோபியின் நிரல். அதே எண்ணை டார்க்டேபிளில் போட்டால் வேறு படம் வரும். லைட்ரூம் அமைப்புகளில் சிலவற்றை டார்க்டேபிள் இறக்கிக்கொள்ளும், எல்லாவற்றையும் இல்லை. சமையல் குறிப்பு நம்மிடம், அடுப்பு வாடகைக்கு.

மலையில் இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றினால் காய்க்க மூன்று வருடமாவது ஆகும். குத்தகை நிலத்தில் கொடி நட யோசிப்பார்கள், ஏனென்றால் குத்தகை முடிந்தால் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. சாமையோ தினையோ என்றால் விதைத்து அறுத்துவிட்டு நகரலாம். சந்தா மென்பொருளும் அப்படித்தான். இன்றைக்கு எடுத்து நாளைக்குக் கொடுக்கிற பாஸ்போர்ட் சைஸ் படம் சாமை மாதிரி. இருபது வருடம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை வந்து கேட்கக்கூடிய ஆல்பம் மிளகு மாதிரி.

சொந்தமாக வாங்கினால் பிரச்சினையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2015இல் வந்த லைட்ரூம் 6தான் ஒரேயடியாக வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. 2017 டிசம்பரோடு அதற்குப் புதுப்பிப்பு நின்றது. 2018 நவம்பர் 30க்குப் பிறகு அதன் மேப் பகுதி வேலை செய்யவில்லை, ஏனென்றால் பின்னால் இருந்தது கூகுள் மேப்ஸ் சேவை. முழுக் காசு கொடுத்தவர்களுக்கும் இந்த நிலைதான். 2019 அக்டோபரில் இன்னொரு பாடம். அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுலாவில் எல்லாக் கணக்குகளையும் முடக்கப் போவதாக அடோபி அறிவித்தது. அந்த மாதக் கடைசியிலேயே அரசு அனுமதி பெற்றுப் பின்வாங்கியது. பணம் கட்டத் தயாராக இருந்தவர்களுக்கே சாவி எங்கோ இருக்கிறது என்று தெரிந்த தருணம் அது.

கேட்க வேண்டியது என்ன

அடோபிக்குத் திறந்த தரம் புரியாது என்று சொல்ல முடியாது. பிடிஎஃப்பை 2008இல் ஐஎஸ்ஓ தரமாக ஒப்படைத்தவர்கள். மூலப்படத்துக்கான டிஎன்ஜி வடிவத்தை 2004இல் வெளிப்படையாக வெளியிட்டவர்கள். போட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தலைமுறை நான். கோபத்தோடு எழுதவில்லை. ஆனால் படத்துக்குக் காட்டிய தாராளத்தைத் திருத்தங்களுக்குக் காட்டவில்லை என்பதுதான் என் விமர்சனம்.

இதற்குத் தீர்வு கற்பனை இல்லை. நிரலாளர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் 2015இல் சந்தாவுக்கு மாறியபோது எங்கள் ஆட்களிடமிருந்து இதே கூச்சல் எழுந்தது. சில வாரத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள்: பன்னிரண்டு மாதம் கட்டினால், அந்த வருடம் தொடங்கியபோது இருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுடையது. சந்தாவை நிறுத்தினாலும் அது ஓடும், புதியது மட்டும் வராது. அந்த நிறுவனம் நொடித்துப் போகவில்லை. 2012இல் 4.4 பில்லியன் டாலர் வருமானத்திலிருந்து 2024இல் 21.5 பில்லியனுக்கு வந்த அடோபியால் இது முடியாதா? விலையைக் குறை என்று கேட்பதைவிட இதைக் கேட்பது உருப்படியானது. விலை மறுபடி ஏறும். வெளியே போகும் கதவு திறந்திருந்தால் ஏற்றுகிறவர்கள் கொஞ்சம் யோசித்து ஏற்றுவார்கள்.

நண்பருக்குச் சொன்னது

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இங்கேயும் போடுகிறேன்.

மூலப்படத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். முடிந்த ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் டிஃப் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள், ஜேபெக் மட்டும் போதாது. லைட்ரூமில் திருத்தங்களை எக்ஸ்எம்பி கோப்பிலும் எழுதும் அமைப்பை இயக்குங்கள். அதில் கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் வராது என்பதை மறக்க வேண்டாம். தொகை கையில் இருந்தால் வருடச் சந்தாவை முகூர்த்தக் காசு வந்தவுடன் மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

மாற்று வேண்டுமென்றால் 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0 முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் சிக்கலான பிஎஸ்டி டெம்ப்ளேட் அதில் முழுசாகத் திறக்கும் என்று நம்ப வேண்டாம். கேன்வா வாங்கிய அஃபினிட்டி 2025 அக்டோபரிலிருந்து இலவசம், ஒரு கேன்வா கணக்கு தேவை. இலவசமாகக் கொடுப்பவர்கள் எவ்வளவு நாள் கொடுப்பார்கள் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. மார்கழியில் கடை சும்மா இருக்கும்போது ஒரே ஒரு பழைய ஆல்பத்தை இவற்றில் திறந்து பாருங்கள். எது உடைகிறது என்று அவசரம் இல்லாதபோதே தெரிந்துகொள்வது நல்லது.

அவருடைய பதில் ஒரே வரிதான் வந்தது: "அப்ப டிஃப் வைக்கறதுக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கணுமுங்களா சார்?"

வாங்கணும்ண்ணா. நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் கல்வெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதிகூட முடியவில்லை.